கரடி என்று நான் வாதாடிய டீப்பொட்

என் வீட்டில் பதினொரு டீப்பொட்டுகள் இருந்தன. எல்லாம் இங்கிலாந்துப் பீங்கான். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் குலச்சின்னம் வரைந்திருக்கும். ஒன்றிலும் தேத்தண்ணி ஊற்றிக் குடித்ததில்லை. ஒரே ஒரு நாள் ஊற்றினேன். அந்த நாளையும் அதற்கு அடுத்து வந்த சில நாட்களையும் பற்றி எழுதிவிட்டால் நெஞ்சுப் படபடப்புக் கொஞ்சம் அடங்கும் என்று நினைக்கிறேன். 

நான் மாத்தளை டவுனில் பள்ளிக்கூட ஆசிரியன். இங்கிலீசும் சரித்திரமும் படிப்பிக்கிறேன். இந்தப் பைத்தியம் தொற்றியது ஒரு தையல் மெசினால். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்த என் கூட்டாளி ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்டர், எங்க தொரை சீமைக்குப் போறாருங்க. பங்களாச் சாமான் எல்லாம் ஏலம். தையல் மெசின் ஒண்ணு இருக்கு. தொரைசானி அதத் தொட்டதே இல்ல. வூட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்கன்னு சொன்னீங்களே."

வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மகள் அப்போது தவழ்கிற பிள்ளை. அவளுக்குச் சட்டை தைக்க மெசின் வேண்டும் என்று மனைவி தினமும் நினைவூட்டுவாள். பஸ் ஏறிப் போனேன். பங்களாவின் புல்வெளியில் கட்டில், மெத்தை, கண்ணாடி அலுமாரி, நாய்க் கூடு எல்லாம் வெயிலில் கிடந்தன. தையல் மெசினைக் கூவினார்கள். நான் கையைத் தூக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கண்டிக் கடைக்காரர் ஒருவர் அதைக் கொண்டுபோய்விட்டார்.

வெறுங்கையோடு நின்றபோதுதான் மேசை ஓரத்தில் அதைக் கண்டேன். வெள்ளை வெளேரென்ற டீப்பொட். வயிற்றில் ஒரு கேடயம். அதற்குள் பின்னங்காலில் எழும்பி நிற்கும் சிங்கம். முழுச் சிங்கமும் என் பெருவிரல் நகத்தைவிடச் சிறியது. அந்தச் சிங்கத்துக்கு நாக்கு இருந்தது. அந்த நாக்கைச் சிவப்பில் தீட்டியிருந்தார்கள். எத்தனை மயிர் உள்ள தூரிகையால் அதைத் தீட்டியிருப்பான், எவ்வளவு நேரம் மூச்சை அடக்கியிருப்பான் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஏலக்காரர் கூவினார்.

"மூடி ஒடஞ்ச டீப்பொட்! பூச்செடி வைக்கவாச்சும் யாருக்காவது வேணுமா?"

என் கை தானாக மேலே போனது.

வீட்டுக்கு வந்து பத்திரிகைத் தாளைப் பிரித்தேன். மனைவி உடைந்த மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"மெசின் எங்க? இதுக்குள்ள காணல்லையே."

அதிலிருந்து எந்தப் பங்களா காலியானாலும் கூட்டாளி சொல்லியனுப்புவார். நானும் போவேன். மற்றவர்கள் கட்டில் மெத்தைக்கு முண்டியடிக்கும்போது நான் சமையல்கட்டுப் பக்கத்து மேசையைத் தேடிப் போவேன். இங்கிலாந்தில் வசதியான குடும்பங்கள் தங்கள் சின்னத்தை வரையச் சொல்லித்தான் தேநீர்ச் செட் செய்விப்பார்களாம். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கப்பலில் இங்கே கொண்டுவந்தார்கள். திரும்பிப் போகும்போது கோப்பையெல்லாம் உடைந்து டீப்பொட் மட்டும் மிஞ்சியிருக்கும். ஒற்றைப் பொருளைச் சுமக்க மனமில்லாமல் விட்டுவிட்டுப் போவார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் என் விரலின் நிழல் தெரியும். அவ்வளவு மெல்லியது. நூறு வருடத்துக்கு மேல் உடையாமல் இருந்த பொருள் என் கையில் உடைந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொன்றையும் துடைப்பேன்.

ஒன்றில் மூன்று குருவிகள் இருந்தன. மூன்றுக்கும் கால் இல்லை. வரைந்தவன் மறந்துவிட்டான் என்று நினைத்தேன். கண்டி நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டியபோதுதான் விளங்கியது. அந்தக் குருவிக்குக் கால் வைக்கக் கூடாது என்பதே சட்டமாம். நிலத்தில் இறங்காத பறவை அது. சொத்தில் நிலம் கிடைக்காத இளைய மகனுக்கு அந்தச் சின்னத்தைக் கொடுப்பார்களாம். மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப எங்களுக்கும் அதையே கீறித் தரச் சொல்லுங்க," என்றாள். எங்களுக்கும் நிலம் கிடையாது.

அவளுக்கு உள்ளூர வேறு வருத்தம் இருந்தது. உருவம் போட்ட சாமான் உள்ள வீட்டுக்கு மலக்குமார் என்ற வானவர்கள் வர மாட்டார்கள் என்பாள். ஆகவே டீப்பொட்டுகள் இருந்த கண்ணாடி அலுமாரிக்கு ஒரு திரை தைத்தாள், கையாலேயே. தொழுகை நேரத்தில் திரை மூடியிருக்கும். மற்ற நேரம் என் விருப்பம். இருபது வருடமாக இந்த ஒப்பந்தத்தில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

பதினொன்றாவது டீப்பொட்தான் எல்லாவற்றிலும் பெரியது. எட்டுக் கோப்பை பிடிக்கும். எங்கும் ஒரு கீறல் இல்லை. கேடயத்தில் மூன்று மிருகத் தலைகள். தங்கப் பூச்சு தேய்ந்து போயிருந்தது. நீண்ட மூக்கு, சின்னக் காது, பிடரியில் சிலிர்த்த மயிர். புத்தகத்தில் கரடித் தலைச் சின்னங்களைப் பார்த்திருந்தேன். ஆகவே என் கொப்பியில் ‘கரடித் தலை மூன்று’ என்று எழுதி வைத்தேன். வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் பேரைக்கூடச் சொல்லாத ஒரு பிராணியின் தலையை ஒரு குடும்பம் பெருமையாக நினைத்து, அதுவும் தேத்தண்ணி ஊற்றும் பாத்திரத்தில் போட்டுக்கொள்ளும் என்பது எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்த ஒருவனின் புத்திக்கு எட்டாத விஷயம்.

இனி மகளின் கதைக்கு வருகிறேன்.

தவழ்ந்த பிள்ளை படித்து முடித்துக் கலியாண வயதுக்கு வந்திருந்தாள். இரண்டு சம்பந்தம் வந்து போயின. இரண்டுக்கும் அவள் முகம் இறுகிப் போனது. நாங்களும் வற்புறுத்தவில்லை. மூன்றாவதாகப் பல்லேபொலையிலிருந்து வந்தது. மாப்பிள்ளை விவசாயக் கந்தோரில் வேலை செய்கிறவர். தகப்பனுக்கு வயலும் மிளகுத் தோட்டமும் இருந்தன. மனைவி போய் மகளிடம் கேட்டாள்.

"வாப்பாக்கும் உம்மாக்கும் சரின்னா எனக்கும் சரி," என்றாள் மகள்.

அன்று மாலை சமையல்கட்டில் தேங்காய் திருவிக்கொண்டே ஏதோ மெட்டை முனகினாள். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தச் சம்பந்தம் தப்பக் கூடாது என்று அந்த நிமிடத்திலிருந்து எனக்குப் பயம் பிடித்தது.

அவர்கள் பெண் பார்க்க வந்த காலம் சீனித் தட்டுப்பாட்டுக் காலம். கூப்பனுக்குக் கிடைத்த சீனி முடிந்து போயிருந்தது. கித்துள் மரத்துச் சக்கரைக் கட்டியைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்து, வெறும் தேத்தண்ணியோடு கொடுக்க வேண்டிய நிலை. ஊரெல்லாம் அப்படித்தான். ஆனாலும் சம்பந்தக்காரருக்குச் சீனியில்லாத தேத்தண்ணி கொடுப்பது எனக்குக் குறைச்சலாகப் பட்டது. சீனி இல்லாவிட்டாலும் ஊற்றும் பாத்திரமாவது கம்பீரமாக இருக்கட்டும் என்று திரையை விலக்கி, அந்தப் பெரிய டீப்பொட்டை எடுத்தேன்.

"என்னத்துக்கு இது? எங்கட கேத்தலுக்கு என்ன வந்திச்சி?" என்றாள் மனைவி.

"பெரிய எடம். பேசாம கழுவித் தாங்க," என்றேன்.

அவர்கள் வந்ததும் பெண்கள் உள்ளே மகளைப் பார்க்கப் போனார்கள். ஹோலில் மாப்பிள்ளையின் தகப்பனும் மாப்பிள்ளையும் இன்னும் இரண்டு உறவினரும். நானே ஊற்றிக் கொடுத்தேன். தகப்பன் கறுத்து மெலிந்த மனிதர். தரையில் கால் ஊன்றி உட்காரும் விதத்திலேயே வயல்காரர் என்று தெரியும். சக்கரையைக் கடித்துக்கொண்டு பாதித் தேத்தண்ணி குடித்தார். பிறகு தலையைச் சரித்து டீப்பொட்டைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சரித்தார்.

"மாஸ்டர், இது என்ன தலை?"

நான் காத்திருந்த கேள்வி. அண்ணன் முறையில் அவரை ‘நானா’ என்று அழைத்துச் சொன்னேன்: "கரடி, நானா. இங்கிலீஷ்காரங்கட ஒரு குடும்பத்துச் சின்னம். நூறு வருஷத்துக்கு மேல இரிக்கும்."

அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "கரடி இல்ல."

"கரடிதான் நானா."

"நான் முப்பது வருஷம் வயல்ல காவல் இரிந்தவன். இந்த மொகத்த எனக்குத் தெரியும். இது அது."

‘அது’ என்று அவர் சொன்ன விதத்தில் உறவினர் இருவரும் கோப்பையைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒருவர் எழும்பி வாசலுக்குப் போய் வாயைக் கொப்பளித்தார்.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. பயந்தவன் அதிகம் பேசுவான் போலிருக்கிறது. உள்ளே போய் என் கொப்பியை எடுத்து வந்தேன். கரடியின் மூக்குக்கும் மற்றதன் மூக்குக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். கண்டி நூலகத்துப் புத்தகத்தைச் சாட்சிக்கு இழுத்தேன். வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போல விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன்.  மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தகப்பன் எழும்பினார். "சரி மாஸ்டர். சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று மாத்தளையில் பெண் பிள்ளை உள்ள எல்லோருக்கும் தெரியும்.

மனைவி டீப்பொட்டை ஒரு துணியால் பிடித்துக் கொண்டுபோய்ப் பின்கதவுக்கு வெளியே வைத்தாள். மகள் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். அழவில்லை. கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"வாப்பா, அவங்க வயல்காரங்க. சொன்னதக் கேட்டிரிக்கலாமே."

"கரடிதான் மகள்," என்றேன். அப்போதும் சொன்னேன்.

அடுத்த நாள் கிளாக்கர் கூட்டாளி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பின்வாசலில் கிடந்ததைக் கண்டுவிட்டார். குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"அட! பன்னித் தலைங்க மாஸ்டர்! இதப் போயி ஏன் வாங்குனீங்க? தந்தம் மாதிரி பல்லு, பாருங்க, பூச்சு போனாலும் தடம் தெரியுது."

வெயிலில் சரித்துக் காட்டினார். தெரிந்தது. வாயோரத்தில் மேல்நோக்கி வளைந்த கோடு. மூன்று தலைக்கும் மூன்று கோடு. எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன். ஒரு தடவையும் பார்க்கவில்லை.

"எங்களுக்குக் குடுங்க. நாங்க கறியே ஆக்குறவங்க, படத்துக்கா பயப்படப்போறோம்?" என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு போனார். இப்போது அவர் வீட்டில் அதில் தினமும் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள். ஒரு டீப்பொட்டுக்கு அதைவிட நல்ல வாழ்வு கிடையாது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பல்லேபொலை பஸ் ஏறினேன். என்ன சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். பள்ளிவாசலில் மௌலவியிடம் கேட்டு, படத்தால் தேத்தண்ணி ஹராம் ஆகாது, கழுவினால் போதும் என்ற பதிலையும் தயாராக வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் தகப்பன் வீட்டில் இல்லை. வயலில் இருந்தார். வரப்பு வழியே, காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். கதிர் முற்றியிருந்தது. அவர் வேலிக் கம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாஸ்டர்," என்றார். கம்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நானா, நான் சொன்னது பிழை. அது கரடி இல்ல."

"யாரு சொன்ன?"

"ஒரு கூட்டாளி."

"ம். நான் சொன்னப்ப வெளங்கல்ல. கூட்டாளி சொன்னப்ப வெளங்கிச்சி."

மௌலவியின் பதிலை எடுத்துவிட்டேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"படத்துக்கு நான் எழும்பி வரல்ல. படம் படந்தான். தெரியாம வாங்கிட்டீங்க, யாருக்கும் நடக்கும். ஆனா எண்ட மகனுக்கு முன்னால கொப்பிய விரிச்சி எனக்குப் பாடம் எடுத்தீங்களே. இந்தக் கால் மரத்துப் போறளவுக்கு அதோட மல்லுக்கட்டுனவன் நான். ஒங்கட புத்தகத்துக்கு இரிக்கிற மரியாதை எண்ட கண்ணுக்கு இல்லையா?"

 சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றேன். இருபத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தையை நான் சொல்லிப் பழகவில்லை என்பது அப்போது தெரிந்தது. "மன்னிச்சிக்கங்க நானா," என்றேன். 

அவர் என்னை முழுதாக ஒருமுறை பார்த்தார். சூரியனைப் பார்த்தார்.

"வாங்க, ஏறுங்க," என்று காவல் பரணைக் காட்டினார். "இன்னும் கொஞ்சத்துல வரும். ஒங்கட கண்ணால பாத்திட்டுப் போங்க."

நான்கு கம்பில் கட்டிய பரண். மூங்கில் ஏணி. அவர் பூனை போல ஏறினார். நான் எப்படி ஏறினேன் என்பதை எழுதாமல் விடுகிறேன். மேலே ஒரு பாயும் தகர டின்னும் தடியும் இருந்தன. வெயில் சாய்ந்தது. காட்டோரத்துப் புதர் அசைந்தது. அவர் என் முழங்கையை அமுக்கினார்.

அது வெளியே வந்து பக்கவாட்டில் நின்றது. நீண்ட மூக்கு, சின்னக் காது, சிலிர்த்த பிடரி, வளைந்த பல். டீப்பொட்டில் இருந்த அதே தலை, அதே சரிவு. எந்தச் சித்திரக்காரனோ எந்தக் காலத்திலோ இதை இப்படியே நின்று பார்த்திருக்கிறான். பயத்தை மறந்து இன்னும் நன்றாகப் பார்க்க எட்டிக் குனிந்தேன். மூக்குக் கண்ணாடி கழன்று கீழே விழுந்தது.

அது திரும்பியது. ஓடிப் போகும் என்று நினைத்தேன். நேரே எங்களை நோக்கி வந்தது. பரணின் ஒரு காலில் இடித்தது. பரண் ஒரு பக்கம் சாய்ந்தது, ஏணி விழுந்தது. நான் கலிமா சொல்லிக்கொண்டு மாப்பிள்ளையின் தகப்பனை இடுப்போடு கட்டிப் பிடித்தேன். அவர் ஒரு கையால் கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டின்னை அடித்தார். அடித்துக்கொண்டே உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"என்ன மாஸ்டர், கரடி மாதிரி தெரியிதா?"

"இல்ல நானா! இல்ல! அதுதான், அதேதான்!"

சத்தம் கேட்டு மாப்பிள்ளை தென்னோலையில் கட்டிய சூள் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார். கூச்சல் போட்டார். அது முறைத்துப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் புதருக்குள் போனது. ஏணியைத் தேடி எடுத்து நிமிர்த்தும் வரை நாங்கள் இருவரும் சாய்ந்த பரணில் உட்கார்ந்திருந்தோம். என் பிடி இன்னும் விடவில்லை.

"ஒண்டு கேக்கணும்," என்றார் அவர். "இந்த வெள்ளைக்காரன் என்னத்துக்கு இதப் போய்ச் சின்னமா வச்சான்?"

"எதிர்த்து வந்தா பின்னுக்குப் போகாதாம். எங்கட குடும்பமும் அப்படித்தான்னு காட்ட வச்சிரிக்கிறாங்க."

அவர் சாய்ந்த கம்பைப் பார்த்தார்.  "அது சரி. பொய் சொல்லல்ல," என்றார். பிறகு, "இது ஒங்கட புத்தகத்துல இரிக்கா?" என்று கேட்டார்.

"இரிக்கி நானா."

"அப்ப புத்தகத்துலயும் சில விஷயம் இரிக்கி," என்றார்.

மஃரிபை அவர் வீட்டில் தொழுதோம். சம்பந்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் துணிவில்லை. மாப்பிள்ளை என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கண்ணாடி இல்லாமல் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி என் சேற்றுக் காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டே சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. மகள் மட்டும், "அவங்க வேற ஒண்டும் சொல்லல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அடுத்த நாள் காலை வாசலில் சைக்கிள் மணி அடித்தது. மாப்பிள்ளை. என் மூக்குக் கண்ணாடியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கக் கண்ணாடியில் கீறல். மற்றதைத் துடைத்திருந்தார்.

"மாமா, வாப்பா சொல்லச் சொன்னாரு," என்று தொடங்கினார். "நெல்லு வெட்டி முடிஞ்சதும் திகதி வைக்கலாமாம். ஒங்களுக்குச் சரியான்னு கேக்கச் சொன்னாரு."

மாமா என்றார். மாஸ்டர் என்று சொல்லவில்லை. நான் சரி, சரி, என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. உள்கதவுத் திரை அசைந்தது. அதற்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. அவரோடு அவள் பேசிய முதல் பேச்சு.

"அத வெரட்டப் போக்குள்ள பயமில்லையா?"

மாப்பிள்ளை திரையைப் பார்க்காமல் கண்ணாடி முடிந்திருந்த கைக்குட்டையை மடித்தார். "பயந்தான். ஆனா நாங்க ஓடினா வயல் போயிடுமே."

திரைக்குப் பின்னால் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. காலடி சமையல்கட்டுப் பக்கம் போனது. தேங்காய் திருவும் சத்தமும் அந்த மெட்டும் கேட்டன. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோசந்தான். ஆனால் என் மகள் வாழப் போகிற வீட்டுக்குப் பின்னால்தான் அந்த வயல் இருக்கிறது. ஆகவே நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"மருமகன், அந்தப் பரண்ட கால் என்ன ஆச்சி?"

"விடியவே கட்டிட்டேன் மாமா," என்றார். "நாலு காலையும் மாத்திட்டேன்."